ஒரு பல்ப், ஒரு நிமிடம்... அவ்வளவு மின்சாரம் போதும்! ஜவ்வாது மலையேறும் எக்ஸ்ரேயின் கதை

"மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... அசையாதீங்க!"

எக்ஸ்ரே அறையில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு இந்தக் குரல் மறக்காது. அடுத்த நொடி, கருவிக்குள் ஏதோ 'விர்ர்' என்று சுழலும். ஒரு 'டிக்' கேட்கும். "சரி, மூச்சு விடலாம்" என்பார் ரேடியோகிராபர். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

மின் இணைப்பு பலவீனமான ஊரில், கருவியும் பழையதாக இருந்தால், கூடவே இன்னொன்றும் நடக்கும். அந்த 'டிக்' நேரத்தில் அறையின் விளக்கு ஒருமுறை மங்கி, மறுபடி பிரகாசமாகும். பலரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால், ஒரு மலைக் கிராமத்துக்கு எக்ஸ்ரே வருமா, வராதா என்ற கேள்வியின் விடை அந்த ஒரு மங்கலுக்குள்தான் இருக்கிறது.

மலையில் ஒரு நெஞ்சுப் படம்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. சாமை, புளி, தேன், பலா என்று மண் மணக்கும் ஊர்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் தாய் மண். ஜமுனாமரத்தூர்தான் மலையின் மையமான ஊர். கீழே இறங்க வேண்டுமென்றால் போளூர், திருப்பத்தூர், ஆலங்காயம் என எந்தப் பக்கம் போனாலும் வளைவு வளைவான மலைப்பாதைதான்.

இந்த மலையில் ஒருவருக்கு இரண்டு வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். "ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்று மருத்துவர் சொல்கிறார். சமவெளியில் இருப்பவருக்கு இது அரைமணி நேர வேலை. மலையின் உள்ளடங்கிய குக்கிராமத்தில் இருப்பவருக்கோ ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், துணைக்கு ஓர் ஆளும் வர வேண்டும். 'இருமல்தானே, கஷாயம் குடிச்சா சரியாயிடும்' என்று தள்ளிப்போடுவது இப்படித்தான் தொடங்குகிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும், அது காசநோயாக இருந்தால், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரவ இடம் கொடுக்கிறது.

காசநோய்க்கும் தமிழ்நாட்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. காசநோயாளிகளைத் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருக்கத் தேவையில்லை, வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்கு நிரூபித்தது, 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம். பின்னாளில் இதே நிறுவனம், ஜவ்வாது மலை அடங்கியிருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் பழங்குடி மக்களிடம் காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்றையும் நடத்தியது. அதன் முடிவுகள் 2001-ல் மருத்துவ இதழில் வெளியாகின.

'இருமல் இருந்தால்தானே காசநோய்?' என்று கேட்கலாம். இல்லை என்பதுதான் அதிர்ச்சி. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 10-க்கு 4 பேருக்கும் மேல், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் தப்பிப்போயிருப்பார்கள். அறிகுறியைக் கேட்டு மட்டும் இவர்களைக் கண்டுபிடித்திருக்க முடியாது. படம்தான் காட்டிக்கொடுத்தது.

ஆக, மலைக்கு எக்ஸ்ரே ஏற வேண்டும். ஏறவிடாமல் தடுத்தது எது?

40 மிக்ஸி ஒரே நேரத்தில்!

எக்ஸ்ரே குழாய்க்குள் நடப்பது எளிமையான விஷயம். ஒரு பக்கம் மெல்லிய இழை. பல்பின் இழைபோல அது சூடாகி எலக்ட்ரான்களை உமிழும். எதிர்ப் பக்கம் டங்ஸ்டன் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே பல்லாயிரம் வோல்ட் கொடுத்தால், எலக்ட்ரான்கள் பாய்ந்து போய்த் தட்டில் மோதும். மோதிய சக்தியில் சுமார் 1 சதவீதம்தான் எக்ஸ்ரே கதிராகும். மிச்சம் எல்லாம் வெறும் சூடு. ஒரே இடம் உருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தட்டைச் சுழல விடுகிறார்கள். 'விர்ர்' சத்தத்தின் ரகசியம் அதுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நெஞ்சுப் படத்துக்கு 100 கிலோவோல்ட், 300 மில்லி ஆம்பியர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 30 கிலோவாட். 750 வாட் மிக்ஸிகள் 40-ஐ ஒரே நேரத்தில் ஓட்டுவதற்குச் சமம்!

ஆனால், எவ்வளவு நேரம்? ஒரு நொடியில் 50-ல் ஒரு பங்கு. அதாவது 0.02 நொடி. 30 கிலோவாட்டை அந்த நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது 600 ஜூல். வீட்டில் எரியும் 10 வாட் எல்.இ.டி பல்ப் ஒரே ஒரு நிமிடம் எரிய எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அது. மின் கட்டணத்தில் கண்ணுக்கே தெரியாது.

வேடிக்கையைப் பாருங்கள். எக்ஸ்ரேக்குத் தேவையான மின்சாரம் மிக மிகக் குறைவு. ஆனால், அதை மொத்தமாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் கேட்கிறது. மலைக்குச் சிக்கல் அங்கேதான் வந்தது.

கம்பி நீளம்... வோல்டேஜ் குறைச்சல்

30 கிலோவாட்டை 230 வோல்ட் இணைப்பிலிருந்து நேரடியாக இழுத்தால், கம்பியில் 130 ஆம்பியர் பாய வேண்டும். நம் வீட்டு கீசர் பிளக்கே 15 அல்லது 16 ஆம்பியர்தான் தாங்கும். கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து வெறும் 0.2 ஓம் தடை கொடுத்தாலும், 26 வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும். 230 கிளம்பினால் 204 தான் வந்து சேரும். விளக்கு மங்குவது இதனால்தான்.

விளக்கு மங்கினால் பரவாயில்லை. படம் மங்கினால்? குழாயின் வோல்டேஜை 15 சதவீதம் கூட்டினால் படத்தின் கருமை கிட்டத்தட்ட இரு மடங்காகும் என்பது ரேடியோகிராபர்களின் பாலபாடம். குறைந்தாலும் அதே கணக்குத்தான். 15 சதவீதம் குறைந்தால் படம் பாதியாக வெளிறிவிடும். வெளிறிய படத்தில் நுரையீரலின் சின்னத் தழும்பு தெரியாமல் போகலாம். 'இன்னொரு தடவை எடுத்துடலாம்' என்றால், நோயாளிக்கு இரண்டாவது முறை கதிர்வீச்சு.

பழைய எக்ஸ்ரே கருவிகளின் பேனலில் ஒரு முள் மீட்டரும், பக்கத்தில் ஒரு திருகும் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், முள் குறியிட்ட இடத்துக்கு வரும்வரை ரேடியோகிராபர் திருகைத் திருப்ப வேண்டும். 'இன்று லைனில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறதோ, அதற்கு ஏற்ப ஈடுகட்டு' என்பதுதான் அதன் பொருள். ஆனால், படம் எடுக்கும் அந்த நொடியில் விழும் வோல்டேஜை எந்தக் கை திருப்பி ஈடுகட்டும்? அதனால்தான் பெரிய மருத்துவமனைகளில் எக்ஸ்ரேக்கென்று வலுவான தனி இணைப்பு கொடுப்பார்கள். மலையுச்சியின் சின்ன மருத்துவமனைக்கு அப்படிக் கம்பி இழுப்பது எளிதா என்ன?

ஃபேன் ரெகுலேட்டரும் எக்ஸ்ரேயும் சொந்தக்காரர்கள்!

விடையின் முதல் பாதி, நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது.

பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? கனமான பெட்டி. உள்ளே கம்பிச்சுருள் தடை. ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் பெட்டி சுடும். ஃபேனுக்குப் போக வேண்டாத மின்சாரத்தில் ஒரு பங்கை அது சூடாக்கி வீணடித்தது. பிறகு வந்தது, வழுக்கிக்கொண்டு திரும்பும் குமிழ் வைத்த எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர். இது கையளவுதான், அவ்வளவாகச் சூடும் ஆகாது.

மாற்றத்துக்குக் காரணம், 1957-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவான தைரிஸ்டர் என்ற குறைக்கடத்தி. அதன் தம்பி டிரையாக். இதை ஏரி மதகு என்று நினைத்துக்கொள்ளலாம். சின்னதாக ஒரு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும். ஓடும் நீர் நின்றால்தான் தானாக மூடும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவதால், நொடிக்கு 100 முறை அது பூஜ்ஜியத்தைத் தொடும். மதகும் 100 முறை மூடும். ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாகத் திறந்தால் ஃபேன் மெதுவாக ஓடும், குண்டு பல்ப் மங்கலாக எரியும். மின்சாரம் வீணாகாது. ஜோயல் ஸ்பைரா என்ற அமெரிக்கர் 1959-ல் வீட்டு விளக்குக்கான எலெக்ட்ரானிக் டிம்மரை உருவாக்கியது இந்த வழியில்தான்.

இதே மதகை எக்ஸ்ரே கருவிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 'டக்' என்று இழுத்து ஒட்டும் பழைய கான்டாக்டர் சுவிட்சுக்குப் பதிலாகத் தைரிஸ்டர் வந்தது. நேரம் துல்லியமானது. ஆனால், ஒரு குறை. மின்சாரம் பூஜ்ஜியத்தைத் தொடும்வரை மதகு மூடாது என்பதால், நொடியில் 100-ல் ஒரு பங்குக்குக் குறைவாகப் படம் எடுப்பது எளிதல்ல. லைனில் வோல்டேஜ் விழும் சிக்கலும் அப்படியே இருந்தது.

அதே மலையில், இருட்டைக் காக்கும் விளக்குகள்

மின்சாரத்தை அளந்து திறக்கும் இந்த வித்தைக்கு, ஜவ்வாது மலையிலேயே இன்னொரு தேவையும் உண்டு. அங்கே கேட்பது வெளிச்சம் அல்ல, இருட்டு!

ஆலங்காயம் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி இங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். அதற்கு முன்பே, 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது, அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. வளையங்கள் குறுக்கே வந்தபோது ஒரு நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கியதுதான் அதற்கான தடயம்.

அப்படிப்பட்ட மெல்லிய மங்கலைப் பார்க்க, வானம் இருட்டாக இருக்க வேண்டும். தெரு விளக்கின் ஒளி மேல்நோக்கிச் சிதறினால் தொலைநோக்கிக்குக் கண் கூசும். விளக்கே இல்லாமல் ஊர் இருக்க முடியுமா? முடியாது. ஆனால், ஒளியைத் தரையை நோக்கி மட்டும் விழச் செய்யலாம். ஆள் நடமாட்டம் குறைந்த பின் பாதி ஒளிக்கு இறக்கலாம்.

சாதாரண எல்.இ.டி விளக்குகளுக்கு டிரையாக் டிம்மர் சரிவராது. டிம்மர் உள்ள வீட்டில் சாதாரண எல்.இ.டி பல்ப் போட்டால் துடிதுடிப்பது அதனால்தான். எல்.இ.டி-யின் டிரைவர் சர்க்யூட் வேறு வழியைப் பின்பற்றுகிறது. நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. கண்ணுக்கு அது மங்கலான, சீரான ஒளியாகத் தெரியும். நினைத்த நொடியில் திறக்கவும் மூடவும் முடிகிற மதகு இது.

எக்ஸ்ரேயின் சிக்கலைத் தீர்த்ததும் இந்த வகை மதகுதான்.

சேர்த்து வை... திறந்து விடு!

1980-களில் ஐ.ஜி.பி.டி என்ற குறைக்கடத்தி சுவிட்ச் வந்தது. மின்சாரம் பூஜ்ஜியத்தைத் தொடும்வரை இது காத்திருக்காது. சொன்ன நொடியில் திறக்கும், சொன்ன நொடியில் மூடும். இதை வைத்து உருவானவைதான் இன்றைய 'ஹை ஃப்ரீக்வென்சி' எக்ஸ்ரே ஜெனரேட்டர்கள்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். லைனில் வரும் மின்சாரத்தை முதலில் நேர் மின்சாரமாக்கி, மின்தேக்கியிலோ பேட்டரியிலோ சேமிக்கிறார்கள். பிறகு சுவிட்சுகள் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. இவ்வளவு வேகத்தில் வெட்டிய மின்சாரத்துக்குச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். அது வோல்டேஜைப் பல்லாயிரமாக உயர்த்துகிறது. குழாயில் எவ்வளவு வோல்டேஜ் என்பதைச் சர்க்யூட் இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் இறங்கினால் உடனே ஈடுகட்டும். பழைய ரேடியோகிராபரின் கை திருகியதை, இது ஒரே படத்துக்குள் நூற்றுக்கணக்கான முறை செய்கிறது.

குழாய் கிணற்று மோட்டார் இரவெல்லாம் மெல்லிய தாரையாக ஊற்றித் தொட்டியை நிரப்ப, காலையில் மதகைத் திறந்ததும் வயலுக்குக் குபுகுபுவென்று பாய்வதைப்போலத்தான். லைனிலிருந்து மெதுவாக எடுத்துக்கொள்ளலாம். 10 வாட் பல்ப் ஒரு நிமிடம் எரிகிற மின்சாரம்தானே தேவை! வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு சாதாரண பிளக் போதும். கரன்ட் போய்விட்டாலும் பேட்டரியில் சில படங்கள் எடுக்கலாம்.

கிராமத்து மருத்துவமனைக்கு இதுதான் வழி என்று உலக சுகாதார நிறுவனம் 1970-களின் பிற்பகுதியிலேயே யோசித்தது. லைன் பலவீனமாக இருந்தாலும் பேட்டரியில் இயங்கக்கூடிய, எளிமையான எக்ஸ்ரே கருவிக்கான விதிமுறைகளை அது வகுத்தது. 'அடிப்படைக் கதிர்ப்பட அமைப்பு' என்பது அதன் பெயர்.

இன்று அந்த யோசனை கையடக்கமாகிவிட்டது. சுமார் 3.5 கிலோ எடையில், கேமராபோலத் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. 90 கிலோவோல்ட், 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 450 வாட். ஒரு மிக்ஸியைவிடக் குறைவு! ஃபிலிமுக்குப் பதிலாக வந்த டிஜிட்டல் தகடு குறைந்த கதிரிலேயே படம் பிடிப்பதால் இது சாத்தியமானது. 2021-ல், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சுப் படத்தைக் கணினி மென்பொருள் படித்து, காசநோய்ச் சந்தேகம் உண்டா என்று சொல்லலாம் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024 டிசம்பர் 7 அன்று இந்தியா தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் கையடக்க எக்ஸ்ரே முக்கியக் கருவியானது.

நோயாளி மலையிறங்குவதற்குப் பதில், படம் மலையேறலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

பெட்டி வந்தால் மட்டும் போதாது

கருவி சிறிதானாலும் கதிர் கதிர்தான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, பயிற்சி பெற்ற ரேடியோகிராபர், ஈயக் கவசம் எல்லாம் வேண்டும். பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் வீணாகும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் உயிர் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால், உள்ளூர் மெக்கானிக் திறந்து பார்க்கும் சமாச்சாரம் அல்ல இது. கருவியைப் பழுது பார்ப்பவர் மலையேறி வர எத்தனை நாள் ஆகும் என்பதும் கருவியின் விலையளவுக்கு முக்கியமான கேள்வி.

நிறுவும் அறைகளில் விளக்குக்கும் ஒரு வேலை உண்டு. படம் எடுக்கும்போது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நோயாளியின் மேல் விழும் சதுர வெளிச்சம், எங்கே கதிர் விழப்போகிறது என்பதைக் காட்டுகிறது. சுமார் அரை நிமிடத்தில் அது தானாக அணைவதும் ஒரு டைமர் சர்க்யூட்டின் வேலைதான்.

எக்ஸ்ரேக்குப் போகிறீர்களா? கவனியுங்கள்!

* 2 வாரத்துக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் இருந்தால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

* எக்ஸ்ரே சந்தேகத்தைத்தான் சொல்லும். காசநோயை உறுதி செய்யச் சளிப் பரிசோதனை அவசியம்.

* கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று தோன்றினாலும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* செயின், தாலி, ஊக்கு, உலோகப் பட்டன் எல்லாம் நெஞ்சுப் படத்தில் நிழலாக விழும். கழற்ற முடிந்தவற்றைக் கழற்றுங்கள், முடியாததைச் சொல்லுங்கள்.

* மூச்சைப் பிடிக்கச் சொன்னால் அசையாமல் பிடியுங்கள். அசைந்தால் படம் கலங்கும், மறுபடி எடுக்க வேண்டிவரும்.

* சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் திறக்காதீர்கள்.

* பழைய படங்களைப் பத்திரப்படுத்துங்கள். புதிய படத்தோடு ஒப்பிட மருத்துவருக்கு உதவும்.

* காசநோய் உறுதியானால், சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை உண்டு. 2024 நவம்பர் முதல் இது 500-லிருந்து உயர்த்தப்பட்டது.

'சிறுதுளி பெருவெள்ளம்' என்பார்கள். ஒரு பல்ப் ஒரு நிமிடம் எரியும் மின்சாரத்தைத் துளித் துளியாகச் சேர்த்து, ஒரு நொடியின் 50-ல் ஒரு பங்கில் திறந்துவிடுகிறது ஒரு சர்க்யூட். மலையில் வாழும் ஒருவர் மூச்சைப் பிடித்து நிற்கும் அந்த நேரத்தில் விளக்கு மங்காமல் எரிந்தால், படமும் தெளிவாக விழும். அவருடைய ஒரு நாள் கூலியும் மிஞ்சும். சில நேரம், உயிரும்.